லாக்கரில் வெந்த போன்கள்

போனில் விரலை வைத்து இழுத்தால் பக்கம் விரலோடு வரவேண்டும். வராமல் முரண்டு பிடித்தால் அதை வழிக்குக் கொண்டுவருவது என் தொழில்.

ரயில் டிக்கெட் எடுக்கப் போய், பக்கம் நின்று நின்று நகர்ந்து, ஒன்றை அமுக்கினால் இன்னொன்று அமுங்கி, போனைச் சுவரில் அடிக்கலாமா என்று யோசித்த எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அது உங்கள் விரலின் குற்றம் இல்லை. எங்கள் ஆட்களில் யாரோ ஒருவர், விலை உயர்ந்த போனில் பார்த்து, தானே மயங்கி, அந்தப் பக்கத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டார்.

படப்பையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். பாஸ்கர் சார் முதலாளி. சுற்று வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு கேன்டீன் டோக்கன், பஸ் நேரம், ஷிப்ட் அட்டவணை என்று போனில் திறந்து பார்க்கிற பக்கங்களைச் செய்து கொடுப்போம். செய்வது மற்றவர்கள். செய்தது திக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள்.

அறுபது துண்டு

கல்யாணமான புதிதில், மணிமங்கலத்தில் என் மாமியாருக்கு இந்த வேலையைப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முயன்றேன். மருமகள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள் என்று கோயில் வாசலில் யாரோ கேட்டுவிட்டார்களாம். பதில் சொல்ல முடியாமல் போனது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது.

“போன் திரையில எதுவும் நிஜமா நகர்றதில்ல அத்தை. ஒரு செகண்டுக்கு அறுபது தடவை புதுசு புதுசா படம் வரையுது. நமக்கு நகர்ற மாதிரி தெரியுது. ஜாவாஸ்கிரிப்ட்னு ஒண்ணு இருக்கு, பக்கத்துக்கு வேலை சொல்ற ஆள்னு வெச்சுக்கங்க. அது நடுவுல உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தா வரையறதுக்கு நேரம் பத்தாது. நாலு படம் விட்டுப் போகும். அப்போதான் குலுங்கும். அந்தக் குலுங்கலை நிறுத்தறது என் வேலை” என்றேன்.

அத்தை பொறுமையாகக் கேட்டார். வெங்காயம் உரிப்பதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கே பெருமையாகிவிட்டது. கேட்டு முடித்ததும், உண்மையான கவலையோடு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “ஏம்மா, ஒரு செகண்டுக்குள்ள அப்படி இன்னாம்மா அவசரம் உங்களுக்கு?”

மேலே ஓடும் பஸ்

இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்று எங்கள் வாடிக்கையாளர். அங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதிய ஷிப்ட் என்று மாறி மாறி வரும். ஆனால் மாற்றிக்கொள்ள வழி உண்டு. சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பும் நேரத்தில், கம்பெனியின் பக்கம் போனில் திறக்கும். காலை ஷிப்ட் வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பவர்களின் இடம் ஒவ்வொன்றும் போட்டோ போட்ட ஒரு சின்ன அட்டையாக வரிசையில் நிற்கும். ஒயர் கட்டும் ஒரு லைனிலிருந்து வேறு லைனுக்கு மாற நினைப்பவர்களின் அட்டைகளும் அதே வரிசையில் கலந்திருக்கும். யார் முதலில் அமுக்குகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம்; அட்டையில் பச்சை விழும். வாரத்துக்கு ஒரு தடவைதான் அமுக்கலாம்.

இந்தப் பக்கத்தை வேறு யாரோ செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் என்னென்ன இருந்தது என்கிறீர்கள்? அட்டைகள் வலது பக்கத்திலிருந்து பறந்து வந்து உட்காரும். ஒவ்வொன்றுக்கும் நிழல். உச்சியில் ஒரு மஞ்சள் பஸ். நீங்கள் விரலை இழுக்க இழுக்க அது சக்கரம் சுற்ற, புகை விட்டுக்கொண்டு ஓடும். ‘பக்கம் நிற்கிறது, அமுக்கினால் கேட்கமாட்டேன் என்கிறது’ என்று புகார் மேல் புகார்.

மனிதவளப் பிரிவின் அதிகாரி ஹேமலதா மேடம் நல்ல மனுஷி. பார்த்தவுடன் மோர் வரவழைத்துக் கொடுப்பவர். பஸ்ஸையும் பறக்கும் அட்டைகளையும் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதும், மோரைத் திருப்பி வாங்கிவிடுவாரோ என்று பயப்படும்படி முகம் மாறிவிட்டது. தன் போனை நீட்டி இழுத்துக் காட்டினார். வெண்ணெயாக ஓடியது. அந்த போனின் விலைக்கு அது ஓடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். “அந்த பஸ்ஸை மட்டும் தொடாதீங்கம்மா, அது போயிட்டா பக்கம் மொட்டை அடிச்ச மாதிரி ஆயிடும்” என்றார்.

இங்கே நன்றாகத்தான் ஓடுகிறது

சரி, பஸ் இருக்கட்டும் என்று உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்த்தேன். நீங்கள் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த தையல்காரர், ஒரு தையல் போட்டதும் உங்களை எழுப்பி அளவெடுத்து, அடுத்த தையல் போட்டு, மறுபடி எழுப்பி அளவெடுத்தால் எப்படி இருக்கும்? அந்தப் பக்கம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. விரலை இழுக்கும் ஒவ்வொரு கணமும் ஒரு அட்டை எங்கே இருக்கிறது என்று அளந்து, அதை நகர்த்தி, அடுத்ததை அளந்து, அதை நகர்த்தி... எழுதினவர் என் கையில் அகப்பட்டிருந்தால் அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

முதலில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அளந்துகொண்டு, பிறகு ஒரேயடியாக நகர்த்தும்படி மாற்றினேன். கண்ணுக்குத் தெரியாத அட்டைகளை வரையவே வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். விரல் பட்டதும் ஜாவாஸ்கிரிப்டின் அனுமதிக்குக் காத்திருக்காமல் பக்கம் உடனே நகரட்டும் என்றும் வைத்தேன். ஆபீஸில் இருந்ததிலேயே மட்டமான போனை எடுத்து ஓட்டிப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு போனது. பாஸ்கர் சார் சந்தோஷத்தில் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை பழைய புகார்கள் அப்படியே வந்தன. ஒரு கமா மாறவில்லை. நான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், பாஸ்கர் சார் ஓட்டிப் பார்த்தார், டீ கொண்டுவந்தவர் ஓட்டிப் பார்த்தார். ஒரு குலுங்கலும் இல்லை. சார் போனை மேசையில் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “இங்க நல்லாத்தான் ஓடுது. வேணும்னா அவங்களை இங்க வந்து ஸ்க்ரோல் பண்ணச் சொல்லு.”

ஜெயாவுக்குக் கிடைத்தது

அவர்கள் இங்கே வரமாட்டார்கள் என்பதால் நான் அங்கே போனேன். ஹேமலதா மேடத்திடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை, காலை ஷிப்ட் விட்ட கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம். காலையில் கேட் பக்கத்து லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால், ஷிப்ட் முடிந்துதான் கையில் கிடைக்கும். எடுத்தவுடன் பஸ்ஸுக்கு ஓட்டம், உட்கார்ந்தவுடன் பக்கத்தைத் திறக்கும் அவசரம்.

என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பெயர் ஜெயா. சொந்த ஊர் ஒரகடம் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கழுத்துச் சரட்டில் மஞ்சள் வாசனை போகவில்லை. அவள் காலை இடம் ஒன்றைக் கண்டுபிடித்து விரலைக் கொண்டுபோனாள். பக்கம் நின்றது. அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. அட்டைகள் திடீரென்று ஒரு குதி குதித்துக் கீழே இறங்கின. அதற்குப் பிறகு பச்சை விழுந்தது. எதில் விழுந்தது? அவள் தொட்ட இடத்துக்கு வந்து சேர்ந்த வேறொரு அட்டையில். ஷிப்ட் அதே மதியம். லைன் மட்டும் மாறிவிட்டது. கேட்காத லைன், தெரியாத சூப்பர்வைசர், அதுவும் ஒரு வாரம் முழுவதும். அவள் அழவில்லை. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். கணவன் பிரபுவுக்கு ஒரகடத்தில் கியர் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. எப்போதும் காலை ஷிப்ட்தான். இரண்டு கம்பெனிக்கும் நடுவில் ஓர் ஊரில் வாடகைக்கு ஒரே அறை. இவளுக்குக் காலை வந்த வாரம் குடும்பம். மதியம் வந்த வாரம், அவன் திரும்பும்போது இவள் கிளம்புவாள், இவள் திரும்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான், இவள் எழுவதற்குள் அவன் போயிருப்பான். இப்போது அவனைக் கம்பெனி ஒரு வருஷப் பயிற்சிக்குக் குஜராத் அனுப்புகிறது. வருகிற வாரம் போனது போனதுதான்; அதற்கு அடுத்து இவளுக்கு வரும் மதிய வாரம்தான் அவன் இங்கே இருக்கும் கடைசி வாரம். அந்த ஒரு வாரத்துக்காவது காலை ஷிப்ட் கிடைக்குமா என்பதுதான் அவள் கேள்வி.

மதிய வாரங்களில் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வதே இல்லையா என்று கேட்டேன். பார்ப்போம் என்றாள். இரண்டு கம்பெனி பஸ்ஸுக்கும் ஒரே ஸ்டாப்தானாம். “அவரு எறங்குவாரு, நான் ஏறுவேன். சாப்பிட்டியான்னு கேக்கறதுக்குள்ள டிரைவர் ஹாரன் அடிச்சிடுவாரு மேடம்.”

ஜன்னலுக்கு வெளியே

அதே பஸ்ஸில் இன்னொன்றும் பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்ததும் பாதிப் பேர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார்கள். பஸ் நகர நகர, இரண்டு பக்கமும் வரிசையாகக் கைகள், கைகளில் போன்கள். சிக்னல் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். முன் சீட்டில் கஸ்தூரி அக்கா, ஜெயாவின் லைன் லீடர், தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கைக்குட்டையை நனைத்து, போனுக்குப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எதுக்குக்கா?” என்றேன். “வெடிச்சிக்கிச்சுன்னா? லாக்கரும் தகரம், மேல கூரையும் தகரம். காத்தால வெச்சா மத்தியானம் வெந்துகினு வெளிய வருது” என்றார். போன் வெடித்துவிடும் என்கிற பயம் ஒன்றுதான் அவர்களுக்கு. பக்கம் திக்குவதற்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை.

கைக்குட்டையை விலக்கி அவர் போனைத் தொட்டேன். விரல் சுட்டது. சூடேறிய போன், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போதாததற்கு, சார்ஜ் போட வழியில்லாத இடம் என்பதால் எல்லோரும் பேட்டரி மிச்சம் பிடிக்கும் பொத்தானை வேறு போட்டு வைத்திருந்தார்கள். அது இன்னும் கொஞ்சம் வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நானோ ஏசி அறையில், குளுகுளுவென்று, முழு சார்ஜில் சோதித்துவிட்டு பஜ்ஜி தின்றிருக்கிறேன்! காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அந்த போனை அப்படியே கன்னத்தில் வைத்துக்கொண்டேன். கஸ்தூரி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாடி இது, போன் சுடுதுன்னா இப்படி சிரிக்குது இந்தப் பொண்ணு?”

வடாமும் போனும்

திங்கட்கிழமை வெயில் ஏறியதும், ஆபீஸில் இருந்த மட்டமான போன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே ஒரு பழைய தகர ஷீட் கிடந்தது. பக்கத்திலேயே மருந்துக் கடைக்காரர் வீட்டம்மா வேட்டி விரித்து வடாம் பிழிந்துகொண்டிருந்தார். நான் என் பங்குக்கு ஷீட்டில் போன்களைப் பரப்பினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். காக்கா வந்தால் எனக்கும் சேர்த்து விரட்டினார்.

வெந்த போனில் எல்லாம் தெரிந்தது. மஞ்சள் பஸ் ஒன்றே போனின் மூச்சை முட்டவைத்துக்கொண்டிருந்தது. அது புகை விட்டு முடிக்கும் வரை விரல் தொட்டது யார் காதிலும் விழவில்லை. போனில் சேர்ந்திருந்த பழைய போட்டோக்களை அழித்துவிட்டுத் திறந்ததும், அட்டைகள் ஏன் குதித்தன என்பதும் தெரிந்தது. போட்டோக்களுக்கு என்று யாரும் இடம் ஒதுக்கி வைக்கவில்லை. தாமதமாக வந்த ஒவ்வொரு போட்டோவும், பந்தியில் நடுவில் வந்து உட்காருகிறவரைப் போல, மற்றவர்களைக் கீழே தள்ளியது. ஆபீஸில் போட்டோக்கள் ஏற்கெனவே போனில் இறங்கி இருந்ததால் அந்தக் குதியை நான் பார்த்ததே இல்லை.

அந்த வாரம் முழுவதும் மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். போட்டோ வராவிட்டாலும் அதன் இடம் காலியாக நிற்கும்படி செய்தேன். செகண்டுக்கு வரையும் அறுபது படத்தில் ஏதாவது விட்டுப்போகிறதா என்று பக்கம் தானே கவனித்து, விட்டுப்போனால் பறப்பது, நிழல் இரண்டையும் தானாகவே நிறுத்திக்கொள்ளும்படி செய்தேன். அமுக்கினால், ‘இவருடைய இடம்தானே?’ என்று பெயரைப் பெரிதாகக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் பச்சை விழும். ஒரு நாள் வேலை மும்முரத்தில் போன்களை மாடியிலேயே மறந்துவிட்டேன். வெயில் தாழ்ந்ததும் படியிலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: “ஏம்மா, வடாம் காஞ்சிருச்சு, எடுத்துட்டேன். உன் போனையும் எடுக்கவா, இல்ல இன்னும் கொஞ்சம் காயணுமா?”

ஹாட்பேக்

மிச்சம் இருந்தது மஞ்சள் பஸ். அது ஓடினால் போன் எப்போதும் மூச்சு வாங்கும். அதை எடுக்க ஹேமலதா மேடம் சம்மதிக்கவேண்டும். வாயால் சொன்னால் நம்பமாட்டார். சூடான போனை அவர் கையில் கொடுக்கவேண்டும், ஆனால் படப்பையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை போவதற்குள் ஆறிவிடும். என்ன செய்யலாம் என்று யோசித்து, சப்பாத்தி வைக்கிற ஹாட்பேக்கில் போனை வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனேன். நான் மேசைமேல் அதைத் திறந்ததும், சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து மேடம் எட்டிப் பார்த்தார்.

பழைய பக்கத்தின் நகலைத் திறந்து கொடுத்து, “ஒரு காலை ஷிப்ட் எடுங்க மேடம்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். இழுத்தார், நின்றது. அமுக்கினார், கேட்கவில்லை. மறுபடி அமுக்கினார், அட்டைகள் குதித்தன, எதிலோ பச்சை விழுந்தது. படித்துப் பார்த்தார். கேட்காத லைன். “ஐயையோ, இதை எப்படி மாத்தறது?” என்றார். “மாத்த முடியாது மேடம், வாரத்துக்கு ஒரு தடவைதான்” என்றேன். பிறகு ஜெயாவைப் பற்றிச் சொன்னேன். பஸ் ஸ்டாப்பையும் ஹாரனையும் பற்றிச் சொன்னேன். மேடம் அந்த மஞ்சள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்போதும் புகை விட்டுக்கொண்டுதான் இருந்தது.

“எடுத்துடுங்கம்மா” என்றார் கடைசியில். மோர் வந்தது. பாதி குடித்த பிறகு, சின்னக் குழந்தை கேட்பதுபோல இன்னொன்றும் கேட்டார்: “ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட விடலாமா? அன்னிக்கு யாரும் எதுவும் அமுக்க மாட்டாங்க இல்ல?”

அந்தச் சனிக்கிழமை

பிரபு கிளம்புவதற்கு முன்பான வாரத்துக்குப் பக்கம் திறக்கும் சனிக்கிழமை வந்தது. நானும் அந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். உங்களிடம் மறைப்பானேன், முந்தின நாள் ஒரு தப்பான ஆசை வந்தது. ஜெயாவின் போனில் மட்டும் பக்கம் ஒரு கணம் முன்னதாகத் திறக்கும்படி செய்ய எனக்குத் தெரியும். கை அரித்தது. செய்யவில்லை. செய்யாததற்காக பஸ்ஸில் உட்கார்ந்ததும் என்மேலேயே எரிச்சல் வந்தது. ஏனென்றால் இப்போது பக்கம் எல்லோருக்கும் வேகமாக ஓடும். போட்டி போட்டால் ஜெயாவுக்கு என்ன லாபம்?

பக்கம் திறந்தது. போன் கொதித்துக்கொண்டிருந்தபோதும் விரலோடு வழுக்கிப் போனது. யாருக்கோ விசேஷமாம், அந்த வாரம் காலை இடத்தை விட்டுக்கொடுத்தவர் ஜெயாவின் லைனில் ஒரே ஒருத்திதான். ஜெயா பதற்றத்தில் இழுத்த இழுப்பில் அந்த அட்டையைத் தாண்டி அடிவரை போய்விட்டாள். மேலே வந்தாள், மறுபடி தாண்டினாள். வியர்வையில் விரல் வழுக்கியது. எத்தனை கணங்கள் போயின என்று என் தொழில் புத்தி எண்ணிக்கொண்டே இருந்தது. முடிந்தது, இதற்குள் யாராவது எடுத்திருப்பார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் அட்டை அப்படியே இருந்தது. அப்போதுதான் பஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை என்பதைக் கவனித்தேன். எழுந்து பார்த்தேன். யாரும் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டவில்லை. எல்லோருடைய போனும் மடியில் கவிழ்ந்து கிடந்தது. மதிய வாரம் விழுந்தவர்கள், காலைக்காகத் தவித்தவர்கள், போன தடவை ஜெயாவை முந்திக்கொண்டவர்கள், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைன் ஆட்கள் இருந்த அடுத்த பஸ்ஸிலும் இதே கதைதான். லாக்கரிலிருந்து போனை எடுத்தவுடனே கஸ்தூரி அக்கா லைன் ஆட்களின் போன் குரூப்பில் பேசி அனுப்பிவிட்டாராம்: இன்னிக்கு நம்ம லைன்ல ஜெயா அமுக்கற வரைக்கும் யாரும் கை வெக்காதீங்க. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

“பேஜ் நல்லாத்தான் போய்க்கினு கீது. இவ கைதான் நின்னு நின்னு போவுது” என்று கஸ்தூரி அக்கா சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. ஜெயாவும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், அட்டையைப் பிடித்து அமுக்கினாள். ‘இவருடைய இடம்தானே?’ என்று பக்கம் கேட்டது. பக்கத்து சீட், பின் சீட், அதற்குப் பின் சீட் எல்லாம் சேர்ந்து “ஆமா” என்று கத்தின. பச்சை விழுந்தது.

ஸ்டாப்பில் பிரபு நின்றுகொண்டிருந்தான். ஒல்லியாக, யூனிபாரம் சட்டையை மாற்றாமல். ஜெயா இறங்கி, போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் படித்துவிட்டு அவளைப் பார்த்தான், மறுபடி படித்தான். இரண்டு பேரும் ரோட்டோரம் அப்படியே நின்றார்கள். அவளுடைய சாப்பாட்டுப் பை சீட்டிலேயே கிடந்தது. கஸ்தூரி அக்கா அதை எடுத்து ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டிருந்தாரே தவிர, கூப்பிடவில்லை. நான்தான் பொறுமை இல்லாமல் டிரைவரிடம், “ஒரு ஹாரன் அடிச்சா திரும்பிப் பார்ப்பாங்களே” என்றேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். “பேசிட்டு வந்து வாங்கிக்கட்டும்மா. இப்போ இன்னா அவசரம்?”

ஒரு நொடியை அறுபதாக வெட்டி அதில் மிச்சம் பிடிக்கத் தெரிந்த எனக்கு, நான் சரிசெய்த பக்கம் உருப்படியாக ஒரு வேலை செய்ததைப் பார்க்கக் கிடைத்தது, ஒரு பஸ் நிறையப் பெண்கள் போனைக் கவிழ்த்துவிட்டு விரலை அசைக்காமல் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான்.